காட்பாடி மளிகைக் கடை: பின்வாசலில் நின்று பார்த்தது

காட்பாடியில் சித்தூர் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி உள்ளே திரும்பினால் ஒரு மளிகைக் கடை. ஏ.சி. கிடையாது, கண்ணைப் பறிக்கிற போர்டும் கிடையாது. மூன்று வருஷத்துக்கு மேலாக அங்கே சரக்கு போடுகிறேன். எழுதப் போகிறேன் என்று சொன்னதும் முதலாளி பெயரைப் போட வேண்டாம் என்றுவிட்டார். "எழுதிக்கோக்கா, பேரு மட்டும் வேணாம். அப்பால பத்து பேரு சரக்கத் தூக்கிகினு வந்து நிப்பாங்க. எல்லாருக்கும் ரேக்ல எடம் குடுக்க எங்கிட்ட இன்னா கீது?" என்றார். சரி, அவர் சொல்வதும் நியாயம்தான். அந்தப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு நான் சொல்கிற அடையாளமே போதும்.

நான் பள்ளிகொண்டா பக்கத்தில் ஒரு கிராமத்துக்காரி. ஷெட் போட்டுக் கடலை உருண்டை, எள்ளுருண்டை, மல்லாட்டைப் பொடி (மல்லாட்டை என்றால் வேர்க்கடலை) எல்லாம் செய்து விற்கிறோம். பதினோரு வருஷமாகிறது. மல்லாட்டை அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கத்து நிலங்களிலிருந்து வருகிறது. வெல்லம் அக்கம்பக்கத்தில் காய்ச்சுகிறவர்களிடமே வாங்குகிறோம். என்னோடு ஏழு பெண்கள் வேலை செய்கிறார்கள். நான்கு பேர் முன்பு பீடி சுற்றிக்கொண்டிருந்தவர்கள்.

கடை நன்றாக இருக்கிறதா என்று எழுதுகிறவர்கள் முன்வாசல் வழியாகப் போய்ப் பார்த்து எழுதுகிறார்கள். விலை, சுத்தம், பில் போடுகிற வேகம், வண்டி நிறுத்த இடம். எல்லாம் வேண்டியதுதான். ஆனால் ரேக்கில் இருக்கிற பாக்கெட்டைச் செய்தவளுக்குக் கூலி போய்ச் சேர்ந்ததா என்பது முன்வாசலில் நிற்பவர்களுக்குத் தெரியாது. அது தெரிகிற இடத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் நான் நிற்கிறேன்.

செவ்வாயும் வெள்ளியும் என் நாள். செவ்வாய்க்கிழமை பொய்கையில் மாட்டுச் சந்தை என்பதால் வழியில் வண்டிகள் நின்றுவிடும். அதனால் அன்றைக்கு மட்டும் அரை மணி முன்னதாகவே குட்டி யானை வண்டியைக் கிளப்பிவிடுவோம். பாலாற்றுப் பாலம் தாண்டிக் காட்பாடிக்குள் நுழையும்போது ஏழரை மணி ஆகும்.

கடையின் பின்பக்கம் ஓர் ஆறடிச் சந்து. அங்கே ஒரு மர ஸ்டூல் மேல் எலெக்ட்ரானிக் தராசு. சரக்கு இறக்க வருகிற ஒவ்வொருவர் முன்னாலும் முத்திரை போட்ட 5 கிலோ எடைக்கல்லைத் தூக்கி அதில் வைத்துக் காட்டுவார்கள். 5.000 என்று வந்த பிறகுதான் நம் சரக்கு ஏறும். முதல் நாள் இதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அதுவரை என் தொழிலில் என் முன்னால் ஒருவரும் தராசைச் சரிபார்த்துக் காட்டியதில்லை.

எடை போட்டதும் ஒரு சீட்டு எழுதுவார்கள். கார்பன் வைத்த மூன்று தாள் புத்தகம். வெள்ளைத் தாள் நமக்கு. எத்தனை பாக்கெட், எந்தத் தேதியில் செய்தது, உடைசல் ஏதும் உண்டா, என்ன விலை. கடைசி வரியில் பணம் வரும் தேதி. இறக்கிய நாளிலிருந்து 15-ஆவது நாள். அந்த வரிக்குக் கீழே வாங்கியவர் கையெழுத்து. இந்த மூன்று வருஷத்தில் இரண்டு தடவை தேதி தவறியிருக்கிறது. ஒரு தடவை முதலாளியின் அம்மாவுக்கு வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். முதல் நாளே போன் செய்து, "அக்கா, நாலு நாளு பொறுத்துக்கோ" என்றார். ஐந்தாம் நாள் காலையில் பணம் வந்துவிட்டது. இன்னொரு தடவை பேங்க் சர்வர் கோளாறு.

எனக்கு முன்னால் வரிசையில் நிற்பவர்கள் பெரும்பாலும் இலவம்பாடியிலிருந்து கத்திரிக்காய் கொண்டுவருகிறவர்கள். முள்ளு கத்திரிக்காய். 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதுதான். காம்பிலும் மேல் தோட்டிலும் இருக்கிற முள் கையில் ஏறும்; அப்படி ஏறினால்தான் அன்றைக்குப் பறித்த காய். காலையில் பொறுக்கி எடுப்பார்கள். பூச்சி அடித்தது, முற்றியது இருந்தால் அப்போதே, அந்த விவசாயி கண் முன்னாலேயே கழித்து அவர் கூடையிலேயே போட்டுவிடுவார்கள். எடை போட்டு எடுத்த பிறகு அது கடையின் காய். சாயங்காலம் வாடிப்போனது, விற்காமல் போனது என்று அடுத்த நாள் கணக்கில் கழிப்பது கிடையாது. அவர்களுக்குப் பதினைந்து நாள்கூடக் கிடையாது, கையிலேயே காசு. காய்கறி போடுகிறவர் அடுத்த நாள் பறிப்புக் கூலி கொடுத்தாக வேண்டும் என்பது முதலாளிக்குத் தெரியும். அவர் அப்பா சந்தையில் கூடை சுமந்தவர்.

இதெல்லாம் சாதாரண விஷயம்தானே, கடைக்காரர் செய்ய வேண்டியதைத்தானே செய்கிறார் என்று தோன்றலாம். எனக்கும் அப்படித் தோன்றியிருக்கும், நான்கு வருஷம் நான் வேறோர் இடத்தில் படாமல் இருந்திருந்தால்.

அது வேலூரில் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட். பெயர் வேண்டாம். என் கடலை உருண்டை 200 கிராம் பாக்கெட்டின் எம்.ஆர்.பி. 80 ரூபாய். அவர்கள் எடுத்த விலை 52. காட்பாடிக் கடை எடுப்பது 62. 52-க்கே நான் ஒத்துக்கொண்டேன், ஏனென்றால் அளவு பெரிது. சேர்க்கும்போதே லிஸ்டிங் சார்ஜ் என்று ஓர் அயிட்டத்துக்கு 5,000, மூன்று அயிட்டத்துக்கு 15,000 கட்டினேன். பணம் 60 நாளில் என்று பேப்பரில் இருந்தது. கைக்கு வர நூறு நாளுக்கு மேல் ஆகும். சரக்கு இறக்கப் போனால் ஜி.ஆர்.என். என்கிற சரக்குப் பெற்ற சீட்டைப் போட ஆள் வரும்வரை வண்டியிலேயே நிற்க வேண்டும். மே மாதத்து வேலூர் வெயில் எப்படி என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலை ஒன்பதிலிருந்து மதியம் இரண்டு வரை தார்ப்பாய்க்கு அடியில் வெல்ல உருண்டை நின்றால் கசிந்து கவரில் ஒட்டிக்கொள்ளும். இரண்டு மணிக்கு வருகிறவர் அந்த ஒட்டலைப் பார்த்துவிட்டு "டேமேஜ்" என்று எழுதுவார்.

அவர்கள் கடைக்குள் ஏ.சி. இருந்தது. ஆனால் ஸ்டாக் வைக்கிற கோடவுன் பின்னால் தகர ஷீட். இதை நான் ஒரு நாள் உள்ளே போய்ப் பார்த்த பிறகுதான் புரிந்துகொண்டேன். மல்லாட்டைப் பண்டம் தகரக் கூரைக்கு அடியில் மூன்று வாரம் கிடந்தால் எண்ணெய் சிக்கு அடித்துவிடும். சிக்கு வாடை வந்ததும் அது எங்கள் தயாரிப்புக் குறை என்று திரும்பி வரும். ஷெட்டில் அதே தேதியில் செய்து நான் எடுத்து வைத்திருந்த மாதிரிப் பாக்கெட்டைப் பிரித்துக் காட்டினேன். மொறுமொறுப்பாக, வாசமாக இருந்தது. பார்த்தார்கள், தலையாட்டினார்கள், ரிட்டர்ன் ரிட்டர்னாகவே இருந்தது.

எல்லாவற்றுக்கும் மேல் 2023 தீபாவளி. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று எங்கள் கடலை உருண்டைக்கு மேல் அட்டை தொங்கவிட்டார்கள். எனக்குச் சொல்லவில்லை. யாரோ தெரிந்தவர் வாங்கிக்கொண்டு வந்து, "உங்க உருண்டைக்கு ஆஃபர் போட்டிருக்கீங்களே" என்று சந்தோஷமாகச் சொன்னார். டிசம்பரில் டெபிட் நோட் வந்தது. இலவசமாகப் போன 380 பாக்கெட்டுக்கு 19,760 ரூபாய் என் பில்லில் கழித்துக்கொண்டார்கள். ஒரு பாக்கெட்டின் அடக்கமே எனக்கு 41 ரூபாய். எங்கள் ஷெட்டில் ஒரு பெண்ணுக்கு ஒரு நாள் கூலி 400. அந்த ஒரு தாளில் போனது கிட்டத்தட்ட ஐம்பது நாள் கூலி. அந்த மாதம் என் வளையலை அடகு வைத்துத்தான் சம்பளம் கொடுத்தேன். ஜி.எஸ்.டி. மட்டும் நேரத்துக்குக் கட்டியாக வேண்டும்; பணம் வந்ததா என்று அது கேட்காது.

அந்த நேரத்தில்தான் என் அக்கா மகள் இங்கிலாந்திலிருந்து போன் செய்தாள். சி.எம்.சி.யில் நர்சிங் படித்துவிட்டு அங்கே ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள். அவள் வீட்டுக்காரர் சூப்பர் மார்க்கெட்டுகளுக்கு சாண்ட்விச் செய்து அனுப்புகிற ஆலையில் இருக்கிறார். நான் அழுததைக் கேட்டுவிட்டு, "சித்தி, இங்க இந்த மாதிரி பண்ணா கேக்கறதுக்குன்னே ஓர் ஆபீசர் இருக்காங்க" என்றாள். நான் நம்பவில்லை. அப்புறம் அவளும் அவரும் அனுப்பியதையெல்லாம் என் ஆடிட்டரை வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டேன்.

பிரிட்டனில் 2008-ல் போட்டி ஆணையம் மளிகைச் சந்தையை விசாரித்து முடித்தது. பெரிய கடைகள் தங்கள் செலவையும் நஷ்டத்தையும் பொருள் செய்து கொடுப்பவன் தலையில் தள்ளிவிடுகின்றன, அதனால் அவன் புதிதாக முதல் போடப் பயப்படுகிறான் என்று கண்டுபிடித்தது. 2010 பிப்ரவரியில் அதற்கென்று ஒரு விதித்தொகுப்பு அமலுக்கு வந்தது. மளிகையில் வருஷத்துக்கு 100 கோடி பவுண்டுக்கு மேல் விற்பனை இருக்கிற பெரிய கடைகளுக்கு அது பொருந்தும். 2022-ல் அமேசானையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். பணத்தை இழுத்தடிக்கக் கூடாது. போட்ட ஒப்பந்தத்தைப் பின்தேதியிட்டு மாற்றக் கூடாது. கடைக்குள் திருடு போனதற்கும் காணாமல் போனதற்கும் சப்ளையரிடம் வசூலிக்கக் கூடாது. இவ்வளவு வேண்டும் என்று தப்பாகக் கணக்குச் சொல்லித் தயாரிக்க வைத்துவிட்டு எடுக்காமல் விட்டால், சில நிபந்தனைகளோடு அதற்கு ஈடு கொடுக்க வேண்டும். ஒரு பொருளை நிறுத்துவதாக இருந்தால் நியாயமான அவகாசம் கொடுத்து, காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும்.

ஈடு கொடுக்கிற அந்த விதியைக் கேட்டதும் அக்கா மகளின் வீட்டுக்காரர் சொன்னது எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. மதியம் கடைக்காரன் ஆர்டரைக் குறைத்தால் சாயங்கால ஷிஃப்டுக்கு வருகிறவர்களுக்கு வேலை கிடையாது. ஆலை முதலாளி நஷ்டத்தைத் தன் பையிலிருந்து எடுப்பதற்கு முன்னால் ஆள் கணக்கில் எடுப்பான். அதனால் அந்த விதி பார்க்கக் கம்பெனிக்கும் கம்பெனிக்கும் நடுவில் இருக்கிற விதி மாதிரி இருந்தாலும், அது காப்பாற்றுவது பெல்ட்டில் நின்று ரொட்டி அடுக்குகிறவர்களின் வேலையை. இதை அவர் ஆலையில் நின்று சொன்னார், நான் ஷெட்டில் நின்று புரிந்துகொண்டேன்.

விதி மட்டும் இருந்தால் போதாது என்று அவர்களுக்கே தெரிந்துவிட்டது. புகார் கொடுத்தால் ரேக்கிலிருந்து தூக்கிவிடுவான் என்று எவனும் வாயைத் திறக்கமாட்டான். அதனால் 2013-ல் தனிச் சட்டம் போட்டு ஒரு நடுவரை நியமித்தார்கள். முதல் நடுவர் கிறிஸ்டின் டேக்கன் என்கிற அம்மா. புகார் கொடுத்தவர் யார் என்பதை ரகசியமாகக் காப்பது அந்த நடுவரின் சட்டக் கடமை. 2015 முதல், விதியை மீறிய கடையின் பிரிட்டன் விற்பனையில் 1 சதவீதம் வரை அபராதம் போடவும் அதிகாரம் வந்தது. அந்தத் தேதிக்கு முந்தைய தவறுகளுக்கு அது பொருந்தாது. 2016 ஜனவரியில் அந்த அம்மா முதல் விசாரணையின் முடிவை வெளியிட்டார். டெஸ்கோ என்கிற பெரிய சூப்பர் மார்க்கெட் கம்பெனி சப்ளையர்களுக்குப் பணத்தைத் தாமதித்தது விதிமீறல் என்று அதில் சொன்னார். ஒரு சப்ளையருக்குப் பல பத்து லட்சம் பவுண்டு பாக்கி. தவறு என்று தெரிந்த பிறகும் திருப்பிக் கொடுக்க ஒரு வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள் என்று அறிக்கையிலேயே இருக்கிறது. அவ்வளவு பெரிய கடையை ஓர் ஆள் கேள்வி கேட்டு, பணம் கொடுக்கும் முறையையே மாற்றச் சொல்ல முடிந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியமும் 2019-ல் இப்படி ஓர் ஆணை போட்டது. கெட்டுப்போகிற பொருளுக்கு 30 நாளில் பணம், கடைசி நேரத்தில் ஆர்டர் ரத்து கூடாது என்பதெல்லாம் அதில் வருகிறது.

"நம்ம ஊர்ல ஒண்ணுமே இல்லையா சார்?" என்று ஆடிட்டரைக் கேட்டேன். இருக்கிறது என்றார். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம். உத்யம் என்கிற அரசுப் பதிவு வைத்திருக்கிற குறு, சிறு தொழிலிடம் சரக்கு எடுத்தவர், ஒப்பந்தம் எழுதியிருந்தால் அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுக்க வேண்டும். எழுதவில்லை என்றால் 15 நாள். 60 நாள் என்று நான் கையெழுத்துப் போட்டிருந்தாலும் சட்டத்தில் 45-க்கு மேல் செல்லாது. தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. கொடுக்கவில்லை என்றால், இந்த மாதிரிப் பாக்கித் தகராறுகளை விசாரிக்கிற வசதி மன்றத்தில் மனுப் போடலாம். இவ்வளவு நாள் உத்யம் சான்றிதழைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஃப்ரேம் போட்டு மாட்டி வைத்திருந்தேனே தவிர, அதை வைத்துக்கொண்டு இத்தனை கேட்கலாம் என்று எனக்குத் தெரியாது.

அந்த வருஷம் இன்னொன்றும் சேர்ந்தது. வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்று புதிய பிரிவு. குறு, சிறு தொழிலுக்குக் கெடுவுக்குள் கொடுக்காமல் வைத்திருக்கிற பாக்கியைப் பெரிய கம்பெனி அந்த வருஷத்துச் செலவாகக் கழித்துக்கொள்ள முடியாது. 2023–24 கணக்கிலிருந்தே அமல். ஆடிட்டர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். பாக்கி 1,34,000 ரூபாய், உத்யம் எண், பிரிவு எண்கள், அவ்வளவுதான். பிப்ரவரியில் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினோம். மார்ச் கடைசி வாரத்தில் முழுப் பணமும் வந்தது. வட்டி வரவில்லை, 19,760-ம் வரவில்லை. ஆனாலும் வளையலைத் திருப்பினேன்.

ஏப்ரலில் ஆர்டர் வரவில்லை. முதல் வாரம் தாமதம் என்று நினைத்தேன். இரண்டாம் வாரம் போன் செய்தேன். "சிஸ்டத்துல உங்க கோட் பிளாக் ஆயிருக்கும்மா" என்றார் ஒருவர். ஏன் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது, தெரிந்தவருக்கு நேரம் இல்லை. ஷெட்டில் அந்தக் கடைக்கென்று ஸ்டிக்கர் ஒட்டிய 600 பாக்கெட் அடுக்கி இருந்தது. எங்கள் உற்பத்தியில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. அப்போது எட்டுப் பெண்கள். இரண்டு பேரை நிறுத்த வேண்டி வந்தது. யாரை நிறுத்துவது என்று மூன்று ராத்திரி தூங்கவில்லை. கடைசியாகச் சேர்ந்த இரண்டு பேரிடம் சொன்னேன். ஒருத்தி ஒன்றும் சொல்லாமல் தன் ஏப்ரனை மடித்து வைத்துவிட்டுப் போனாள். இன்னொருத்தி, "எப்பக்கா கூப்புடுவ?" என்று கேட்டாள். அவள் ஜனவரியில் திரும்பி வந்தாள். ஏப்ரனை மடித்து வைத்தவள் ஷூ கம்பெனியில் சேர்ந்துவிட்டாள். காலை ஐந்தே முக்காலுக்கு பஸ் ஊருக்குள் வரும். பெண் குழந்தையைத் தூக்கத்திலேயே மாமியாரிடம் விட்டுவிட்டு ஏறுவாள். எங்கள் ஷெட் அவள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி.

நம் சட்டத்தைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, என் பணத்தை வாங்கிக் கொடுத்தது அதுதான். ஆனால் அது பிடிப்பது பணத் தாமதத்தை மட்டும். என்னைக் கேட்காமல் போட்ட ஆஃபரை, தகர ஷீட்டுக்கு அடியில் கெட்டுப்போன சரக்கை, காரணம் சொல்லாமல் நிறுத்திய ஆர்டரை அது தொடவில்லை. பேர் சொல்லாமல் புகார் கொடுக்கவும் அதில் வழி இல்லை. என் கடிதத்தின் மேலேயே என் பெயரும் பதிவு எண்ணும் இருந்தன. பெரிய கடைகளுக்கு இங்கேயும் அப்படி எழுதிய விதியும், கேட்க ஓர் ஆளும் வேண்டும். பத்துப் பேர் ஷெட்டுக்கு அது கூலி விஷயம்.

இனி காட்பாடிக் கடைக்கே வருகிறேன். அந்தக் கடையை நான் உண்மையில் மதிக்கத் தொடங்கியது அவர்கள் என் சரக்கு ஒன்றை நிறுத்தியபோதுதான்.

போன வருஷம் ஆடி மாதம். வெள்ளிக்கிழமை சரக்கு இறக்கி முடித்ததும் முதலாளி உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொல்லி, டீ சொன்னார். நோட்டைத் திறந்து காட்டினார். "தட்ட நகரலக்கா." இரண்டு மாதத்துக் கணக்கு: வாரம் 60 பாக்கெட் உள்ளே வந்திருக்கிறது, 22, 25 என்றுதான் வெளியே போயிருக்கிறது. அவர் கடைக்கு வி.ஐ.டி. பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் நிறைய வருகிறார்கள். அவர்களுக்குப் பூண்டுத் தட்டை வேண்டும், அதுவும் இருபது ரூபாய்ப் பாக்கெட்டாக வேண்டும். என்னுடையது 200 கிராம், பொட்டுக்கடலை போட்டது. காரணத்தை வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தார். "ஆறு வாரம் எடுத்துக்கறேன். இந்த வாரம் 50, அப்பால 40, 30ன்னு கொறச்சிகினு வரலாம். அதுக்குள்ள நீ வேற எதுனா யோசிச்சிக்கோ." கடைசியில் மிஞ்சிய பாக்கெட்டுகளைப் பாதி விலைக்குப் போட்டு விற்றார். அந்தப் பாதி விலை என் பில்லில் வரவில்லை. நானே கூச்சப்பட்டுக் கேட்டேன். "நான் துட்டு குடுத்து வாங்கினது. நான் தப்பா வாங்குனா நாந்தானே தாங்கணும்?" என்றார்.

அந்த ஆறு வாரம் எனக்கு எவ்வளவு பெரிது என்று சொல்ல வேண்டும். தட்டைக்கு இரண்டு பெண்கள். ஒருத்தி மாவு பிசைந்து தட்டுவாள், இன்னொருத்தி அடுப்பில் நிற்பாள். முதல் இரண்டு வாரத்தில் அவர்களுக்கு எள்ளுருண்டை பிடிக்கக் கற்றுக்கொடுத்தோம். பாகு பதம் தப்பினால் உருண்டை உதிரும், இல்லையென்றால் கல்லாகிவிடும். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டினால் உருண்டு வர வேண்டும், கிண்ணத்தில் போட்டால் டங்கென்று சத்தம் கேட்க வேண்டும். எங்கள் ஷெட்டின் மூத்த அம்மா இரண்டு பேரையும் பக்கத்தில் நிறுத்தி, சூட்டோடு சூடாகக் கையில் அரிசி மாவு தொட்டு உருட்டுவதைக் காட்டினார். நான்காம் வாரம் இரண்டு பேரும் தனியாகப் பிடித்தார்கள். ஐந்தாம் வாரம் 50 கிராம் சின்னப் பாக்கெட்டுக்குக் கவர் அச்சடித்து வந்துவிட்டது. ஆறாம் வாரம் தட்டை நின்றது, சின்ன எள்ளுருண்டைப் பாக்கெட் அதே ரேக்கில் ஏறியது. ஒருத்தர் கூலியும் ஒரு நாள்கூட நிற்கவில்லை. முன்கூட்டிச் சொன்ன ஒரு பேச்சுக்கும் ஒரு தாளுக்கும் இவ்வளவு பலம்.

குறையே இல்லாத கடை என்று சொல்லமாட்டேன். விலை பேசுவதில் ரொம்ப கெட்டி. போன வருஷம் மல்லாட்டை விலை ஏறியபோது பாக்கெட்டுக்கு மூன்று ரூபாய் கேட்டேன்; பத்து நாள் இழுத்து இரண்டு ரூபாய்க்கு ஒத்துக்கொண்டார். ஆனால் பேசி முடித்த பிறகு போட்ட ஆர்டருக்குத்தான் புது விலை, பழைய பில்லைத் தொடுவது கிடையாது. அது இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான். புதுச் சரக்கைச் சேர்க்க மாதக்கணக்கில் யோசிப்பார். விலை ஸ்டிக்கரைக் காலாவதித் தேதிக்கு மேலேயே ஒட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு தடவை சண்டை போட்ட பிறகு மாற்றினார்கள்.

வாங்க வருகிறவர்களுக்கும் சில சங்கடம் உண்டு. கார் நிறுத்த இடமே இல்லை. டூவீலரில் போங்கள். சாயங்காலம் ஆறரையிலிருந்து எட்டு வரை ஒரே பில் கவுன்டரில் கூட்டம் நெரியும். பிரபலமான சோப்பு, பிஸ்கட்டுக்குப் பெரிய கடையில் கிடைக்கிற தள்ளுபடி இங்கே கிடைக்காது. மாத பில்லில் நூறு, நூற்றைம்பது ரூபாய் கூட வரலாம். அதே நேரத்தில் பருப்பு, மல்லாட்டை, வெல்லம், காய்கறி நன்றாக இருக்கும், விலையும் சரியாக இருக்கும். சிகிச்சைக்கு வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கிற வங்காளத்துக் குடும்பங்களுக்காகக் கடுகு எண்ணெயும் பொரியும் தனியாக வைத்திருக்கிறார். முள்ளு கத்திரிக்காய் வேண்டுமானால் ஒன்பது மணிக்குள் போக வேண்டும். பத்து மணிக்குப் போய்க் கிடைக்கவில்லை என்று கோபப்படக் கூடாது. எண்ணெய்க் கத்திரிக்காய்க்கு அந்தச் சின்னக் காயாகப் பொறுக்கி எடுங்கள்.

இன்னொன்றையும் உள்ளே கவனித்தேன். ரேக்குகளுக்கு நடுவில் மூன்று இடத்தில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். கடை ஊழியர்கள் உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. எத்தனையோ கடைகளில் ஸ்டூல் இருக்கும், அதன் மேல் அட்டைப்பெட்டி இருக்கும். இங்கே அந்தப் பெண்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். முதலாளி வந்தும் எழுந்திருக்கவில்லை.

அதனால் காட்பாடிப் பக்கம் இருப்பவர்கள் மாதச் சாமானில் பாதியாவது இங்கே வாங்கிப் பாருங்கள் என்று மனசாரச் சொல்கிறேன். காட்பாடிக்கு வெளியே இருப்பவர்கள் நீங்கள் வழக்கமாக வாங்குகிற கடையின் பின்வாசலை ஒரு நாள் காலையில் போய்ப் பாருங்கள். சரக்கு இறக்க வந்தவர்களிடம் "எத்தனை நாள்ல துட்டு வருது?" என்று கேட்டால் போதும். கொட்டித் தீர்த்துவிடுவார்கள்.

போன வெள்ளிக்கிழமை, அடுத்த மாதத்திலிருந்து எள்ளுருண்டை வாரத்துக்கு 150 சின்னப் பாக்கெட் கூடுதலாக வேண்டும் என்று வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆறு மாதத்துக்கு. அதற்கு எட்டாவது ஆள் வேண்டும். ஷூ கம்பெனிக்குப் போனவளிடம் கேட்டிருக்கிறேன். அவள் மடித்து வைத்த ஏப்ரன் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறாள்.